ஐந்தாம் மனைவியின் குரல்

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் யாரைக் கேட்டாலும் பசுவும் கன்றும் பாட்டைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ கையில் கிடைத்தது. இந்த மனுஷனையா குழந்தைக் கவிஞர் என்று ஓரமாக உட்காரவைத்தோம்?

1910களின் இறுதியில் ‘தமிழன்’ இதழில் வந்த அங்கதம் இது. நூலானது 1942இல். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களிடம் அன்று சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குத்தான். அப்படியொரு காரணவரின் ஐந்தாம் மனைவிதான் இங்கே பேசுகிறாள். புராணத்தைப் பகடி செய்வதுபோல ‘மாமி அரசியற் படலம்’, ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று தலைப்புகள். கோடு என்றால் கோர்ட்டு. “கேஸு நடத்தி வக்கீலுக்குல்லா வீடு கெட்டிக் குடுத்தாவ” என்று எங்க ஆச்சி சொல்வாள். கவிமணி எடுத்தாண்டதும் இந்த மொழியைத்தான்.

இது இலக்கியமா, பிரச்சாரமா? அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் அமிரி பராக்காவையும் இதே கேள்வி கடைசிவரை துரத்தியது. செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய அவரது கவிதை யூத வெறுப்பு கொண்டது என்று கண்டனம் எழுந்தது. நியூஜெர்சியின் அரசவைக் கவிஞராக இருந்த அவர் விலக மறுத்தார். நீக்கவும் வழியில்லாததால் 2003இல் அந்தப் பதவியையே ஒழித்தார்கள். இங்கே நடந்தது வேறு. கவிமணி எந்த வழக்கத்தைச் சாடினாரோ அதை மாற்றும் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் 1926இல் திருவிதாங்கூரில் வந்தது. கவிதை மட்டுமே கொண்டுவந்த சட்டம் அல்ல. சமுதாயத்துக்குள் பலர் அதற்காக உழைத்தார்கள். ஆனால் அந்த வழக்கத்தைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி செய்தது இந்தக் கவிதை.

எனக்கு ஒரு நெருடல் உண்டு. பேசுவது பெண், ஆனால் அவளை வாட்டுபவர்களில் முன்னால் நிற்பதும் பெண்கள்தான்: மாமியும் நாத்தனாரும். தாய்வழியில் சகோதரிக்கு இருந்த பிடிமானம் போனால் அவள் கதி என்ன என்று கவிதை கேட்பதில்லை. ஐந்தாம் மனைவிக்குக் கிடைத்த குரல் அந்த நாத்தனாருக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் குறையோடும் சேர்த்துத்தான் மான்மியத்தை வாசிக்கவேண்டும். சர்ச்சைக்குரிய கவிஞரை ஒழிக்கப் பதவியைப் பிடுங்கவேண்டும் என்றில்லை. பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பாட்டை மட்டும் வைத்தாலும் போதும். நாம் செய்தது அதைத்தான்.