மூச்சுக்குத் தள்ளுபடி

மூச்சின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீட்டர் குழாயை வாயில் வைத்து ஒருவர் தம் கட்டி ஊதுகிறார். 3 லிட்டர் வருகிறது. அவர் வயதுக்கும் உயரத்துக்கும் 4 லிட்டர் வரவேண்டும் என்பது கணக்கு. ஆக, 75 சதவீதம்; நுரையீரலில் ஏதோ குறை. அதே ஆளைக் கறுப்பினத்தவர் என்று குறித்தால், அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்த வழக்கப்படி எதிர்பார்ப்பில் 15 சதவீதம் வரை கழித்துவிடுவார்கள். 4 லிட்டர் 3.4 ஆகும், அவர் 88 சதவீதத்தில் தேறிவிடுவார். ஊதிய காற்று அதேதான். நோய் மட்டும் காகிதத்தில் காணாமல் போயிற்று.

இந்தக் கழிவுக்குப் பூர்வீகம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பர்களின் நுரையீரல் குறைபட்டது, உழைக்க வைப்பதே அவர்களுக்கு நல்லது என்று அடிமை முறைக்கு மருத்துவ முட்டு கொடுத்தார். 1999-இல் பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரல் நோய் வழக்குகளில் சிக்கிய ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம், கறுப்பினத் தொழிலாளர்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்று கேட்டது. நீதிபதி மறுத்தார்.

பூர்வீகம் கெட்டது என்பதற்காகவே கணக்கும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. கறுப்பர், வெள்ளையர் நுரையீரல் அளவுகளின் சராசரியில் வித்தியாசம் இருப்பது உண்மை. உயரத்தில் காலுக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் அதில் ஒரு பகுதியை விளக்குகிறது. மீதிக்கு என்ன காரணம்? குறைந்த எடையோடு பிறந்தவர்கள், நெடுஞ்சாலைப் புகையில் வளர்ந்தவர்கள் எல்லாரும், எதிர்பார்ப்பைக் கணக்கிட அளந்த 'நலமானவர்கள்' பட்டியலில் உண்டு. காற்று மாசு செய்யும் கேட்டைக் கண்டுபிடிக்கப் போன ஆய்வாளர், அந்தக் கேட்டையே இயல்பு என்று முதலிலேயே கழித்துவிட்டு அளக்கிறார். இந்தச் சமன்பாட்டின் அடிப்படைப் பிழை இதுதான்.

பால் வேறுபாடு இதே கதையல்ல. ஒரே உயரமுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், சராசரியாகப் பெண்ணின் மார்புக்கூடு சிறியது. அதற்கான திருத்தம் சமன்பாட்டில் இருக்கலாம். ஆனால் ஈர விறகை ஊதாங்குழலால் ஊதி ஊதி, பீடியே தொடாத ஒருத்தி மூச்சிரைக்கிறாள் என்றால், அது உடற்கூறு அல்ல. அடுப்படியில் யாரை நிறுத்தினோம் என்பது. படிவத்தில் 'பெண்' என்று டிக் அடித்தால் அந்தப் புகை பதிவாகாது. எத்தனை மணி நேரம், என்ன அடுப்பு, ஜன்னல் உண்டா என்று கேட்டாக வேண்டும்.

2023-இல் அமெரிக்கத் தொராசிக் சங்கம் எல்லா இனத்தவருக்கும் ஒரே சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. அதற்கும் விலை உண்டு: இதுவரை தேறிய சிலர் தீயணைப்பு வேலைக்கோ, புற்றுநோய் அறுவைக்கோ தகுதியற்றவர் ஆகலாம். அந்த முடிவுகளை ஒரு சதவீதத்தை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது என்பதே அதற்குப் பதில். பழைய கழிவுக்குத் திரும்புவதல்ல.

அதற்காக இனத்தைக் கேட்பதையே நிறுத்தினால், யார் வீட்டருகே ஆலைப் புகை என்பதும் மறைந்துவிடும். இனம் கேள்வித்தாளில் இருக்கட்டும், முகவரியோடும் தொழிலோடும், சூத்திரத்தில் வேண்டாம்.

இது நம்மையும் தொடும்: நுரையீரல் அளவுக்கான 2012-இன் உலகச் சமன்பாட்டில் நான்கு இனப் பிரிவுகள் இருந்தன. தெற்காசியர் அவற்றில் இல்லை, 'மற்றவர்' கட்டத்தில்தான் சேர வேண்டியிருந்தது. அடுத்த முறை ஊதினால், எந்தச் சமன்பாட்டில் அளந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.