எண்ணத் தெரியாத லயம்

யாப்பைக் கைவிட்டபோதே லயத்தையும் கைவிட்டுவிட்டோம் என்று புலவர்கள் சொல்லி வந்ததை நாம் பொருட்படுத்தியதில்லை. 1959இல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்தே நம்மிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: கவிதைக்கு வேண்டியது சீரும் தளையும் அல்ல, உள்ளார்ந்த லயம். நானும் இதைச் சொல்லியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன். அது என்ன உள்ளார்ந்த லயம் என்று கேட்டவர்களை ரசனையற்றவர்கள் என்று ஒதுக்கியும் இருக்கிறேன். அவர்கள் நியாயமாகத்தான் கேட்டார்கள் என்று இப்போது படுகிறது. சீரை எண்ணியவர்களும் சரி, எண்ண மறுத்த நாமும் சரி, லயம் என்பது வரிக்குள் கிடக்கும் ஒரு வஸ்து என்றே நம்பினோம். அவர்கள் அளந்து பார்த்து 'இருக்கிறது' என்றார்கள். நாம் அளக்காமலே சொன்னோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

என்னை இப்படி யோசிக்க வைத்தது கவிதை எதுவும் அல்ல. வெளிநாட்டில் பிறந்திருக்கும் என் பேத்தி. இரண்டரை மாதம். கைபேசித் திரையில்தான் பார்ப்பது. நான் ஏதாவது கொஞ்சுவேன். அவள் உற்றுப் பார்ப்பாள், வாயைக் குவிப்பாள், ஒரு சப்தம் வரும். அதற்கு நான் பதில் குரல் கொடுத்து, அது கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் ஒரு நொடியோ என்னவோ கழிந்துவிடும். முகம் திரும்பிவிடும். தன் அம்மாவிடம் கால்மணி நேரம் 'பேசுகிற' பெண் இவள். தாத்தா முகம் பழகவில்லை என்று மகள் சமாதானம் சொன்னாள். குறை என் முகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லின் மர்ரேயும் கால்வின் ட்ரெவார்தனும் 1985இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை உண்டு. தாயும் இரண்டு மாதக் குழந்தையும் தனித்தனி அறையில்; தொலைக்காட்சித் திரை வழியே ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். குழந்தை சந்தோஷமாக ஈடுகொடுக்கிறது. பிறகு, சற்றுமுன் பதிவான தாயின் பிம்பத்தையே திரும்ப ஓட்டுகிறார்கள். அதே சிரிப்பு, அதே குரல், அதே கொஞ்சல். குழந்தை கலங்கிப்போய்ப் பார்வையை விலக்கிக்கொள்கிறது. பின்னால் இதைச் செய்து பார்த்த எல்லோருக்கும் இதே முடிவு கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் என் கைபேசி அனுபவத்துக்குப் பிறகு எனக்கு இதில் சந்தேகம் குறைவு. பதிவில் தாயின் ஓசைக்கு ஒரு குறைவும் இல்லை. குழந்தைக்காக நின்று, அதன் முறை வந்ததும் விட்டுக்கொடுக்கிற அந்த இடைவெளிதான் செத்துப்போயிருக்கிறது.

2009இல் பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்களை, தூங்கும்போதே, தாளவாத்திய ஓசை கேட்கவைத்து மூளையின் சலனத்தைப் பதிவு செய்தார்கள். தாளத்தின் முதல் அடி விழவேண்டிய இடத்தில் விழாதபோது மூளை அதிர்ந்தது. வராத ஒன்றுக்குத்தான் அந்த அதிர்வு. லயம் பிரத்யட்சமாவது ஒலிக்கிற இடத்தில் அல்ல, ஒலித்திருக்க வேண்டிய இடத்தில்.

எரின் ஹானனும் சாண்ட்ரா ட்ரெஹபும் 2005இல் எழுதியது நம் பண்டிதர்களுக்கு இன்னும் சங்கடமானது. மாசிடோனிய, பல்கேரிய நாட்டுப்பாடல்களில் சமமற்ற அடிகள் கொண்ட தாளங்கள் சாதாரணம். நம் மிஸ்ர சாபுவின் மூன்றும் நான்கும் போல. அதில் ஓர் அடி பிசகினால் வட அமெரிக்கப் பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. அங்கேயே வளரும் ஆறு மாதக் குழந்தைக்குத் தெரிகிறது. பன்னிரண்டு மாதத்தில் அந்தக் குழந்தைக்கும் தெரியாமல் போய்விடுகிறது. இரண்டு வாரம் வீட்டில் அந்தப் பாட்டை ஓடவிட்டால் குழந்தை மீட்டுக்கொள்கிறது, பெரியவர்கள் அப்படி மீட்டுக்கொள்வதில்லை. ஆக, 'தமிழ்ச் செவிக்கு இயல்பான ஓசை' என்று நாம் கேட்டு அலுத்துப்போன அந்த இயல்பு, முதல் பிறந்தநாளுக்குள் சம்பிரதாயம் காதில் குடியேறியதன் விளைவாகவே இருக்கலாம். வளர்ச்சி என்று பெயர். கூடவே ஓர் இழப்பு. இதைக் கேட்டு யாப்பை எதிர்த்தவர்கள் குதூகலிக்க ஒன்றுமில்லை. பழக்கமே இல்லாத காது என்று ஒன்று நமக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

நம் பிள்ளைத்தமிழ்க்காரர்கள் குழந்தையைப் பார்த்தவர்கள்தான். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பிறகு சிறுபறை. உடம்பு முதலில் அசைகிறது, பின் கை கொட்டுகிறது, பின் கோல் பிடிக்கிறது. இந்த வரிசையில் ஒரு கூரிய அவதானிப்பு இருக்கிறது. ஆனால் கவிதைகளில் நடப்பது என்ன? பருவத்துக்குப் பத்துப் பாட்டு. ஒவ்வொன்றின் முடிவிலும் புலவர் குழந்தையிடம் கை கொட்டச் சொல்லிக் கேட்கிறார். கேட்ட மறுகணம் அடுத்த விருத்தத்துக்குப் போய்விடுகிறார். பத்துத் தடவை கேட்டும் ஒரு தடவைகூடக் காத்திருப்பதில்லை. குழந்தை அரசனாகவோ தெய்வமாகவோ இருப்பதால் கொட்டினால் என்ன, கொட்டாவிட்டால் என்ன. சந்தம் அபாரமாக ஓடுகிறது, திரும்ப ஓட்டிய அந்தத் தாயின் பிம்பம் மாதிரி. குழந்தையை மடியில் வைத்துச் சாய்ந்தாடும் எந்தக் கிழவியும் இந்தத் தவறைச் செய்வதில்லை. அவள் ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள்.

செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2009இல் கண்டது: இரண்டரை வயதுக் குழந்தைகூட, இயந்திரத்தோடு கொட்டுவதைவிட ஒரு மனிதரோடு சேர்ந்து கொட்டும்போது காலப்பிரமாணத்தை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

நம் புதுக்கவிதைகளில் வரி முறியும் இடங்களை இதை மனதில் வைத்து மீண்டும் பார்த்தேன். என்னுடையவற்றையும் சேர்த்துத்தான். பெரும்பாலான முறிவுகளில் யாரும் எதிர்பார்க்கப்படவில்லை. மூச்சுக்காகவும் இல்லை, வாசகன் வந்து சேர்வதற்காகவும் இல்லை. அடுத்த வரி முன்பே தீர்மானமாகிவிட்டது. முறிவு அச்சில் ஒரு வெள்ளைப் பரப்பு, அவ்வளவே. பிச்சமூர்த்தியிடம் இப்படி இல்லை. அவரது வசனம் தளர்ந்து நடக்கிற இடங்களில்கூட, எதிரில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்ற பிரக்ஞை விட்டுப்போவதில்லை. அவருடைய வேதாந்தத்தோடு எனக்கு இருக்கும் மனஸ்தாபம் வேறு விஷயம்.

மகளிடம் சொல்லிவிட்டேன், திரையை என் பக்கம் திருப்பவேண்டாம் என்று. கைபேசியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு அவள் குழந்தையோடு பேசுகிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.