சட்டம் தந்ததும் தராததும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்று, அமில வீச்சுக்கு ஆளானோரையும் தலசீமியா, ஆட்டிசம் உள்ளோரையும் சேர்த்துக்கொண்டது. அரசுப் பணி இடஒதுக்கீடும் 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்ந்தது.

ஆனால் இச்சட்டத்தின் உயிர்நாடி ஒதுக்கீடன்று. நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்ற வரையறைதான். சக்கர நாற்காலியில் வருபவரை எவரும் விரட்ட வேண்டியதில்லை. சாய்தளம் கட்டாமல் விட்டாலே போதும், அவர் வாசலோடு நின்றுவிடுவார். குடிமைப் பணித் தேர்வில் தனக்காக எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டவரிடம், 40 விழுக்காடு குறைபாடு இருந்தால்தான் தருவோம் எனச் சொல்லக் கூடாதென்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு அடித்தளம் இந்தக் கோட்பாடே.

இத்தனை வலிமையான சட்டம் தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. 3-ஆம் பிரிவு பாகுபாட்டைத் தடை செய்கிறது. உடனே, அச்செயல் முறையான நோக்கத்துக்கு ஏற்ற அளவான வழி என்று காட்டினால் விலக்கும் தருகிறது. எது முறையான நோக்கம் என்று சட்டம் சொல்லவில்லை. வேலையில் பாகுபாடு கூடாது என்னும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களையே கட்டுப்படுத்துகிறது. தனியார் துறைக்கோ, ஊழியர்களில் 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க ஊக்கச் சலுகை மட்டுமே.

பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் முறையிடலாம். ஆணையர் தருவது பரிந்துரைதான். ஏற்க விரும்பாத துறை மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லிவிட்டு ஒதுங்கலாம். சட்டத்தை முதன்முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். சாய்தளம் கட்டும் செலவைவிட அபராதம் மலிவு என்றால், எந்த நிறுவனம் அஞ்சும்? அணுகல் வசதி குறித்து இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 15-ஆம் விதியும் வெறும் வழிகாட்டுதலாகவே இருந்தது. அது சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்குமாறு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று.

உரிமைகளை வகுத்ததில் இச்சட்டம் தேறுகிறது. அவற்றைக் காப்பதில் தவறுகிறது. நீதிமன்றம்வரை செல்லப் பணமும் தெம்பும் உள்ளவருக்கு மட்டும் கிடைப்பது உரிமையாகாது. ஆணையரின் முடிவு துறைகளைக் கட்டுப்படுத்த வேண்டும். தனியார் முதலாளிக்கும் 20-ஆம் பிரிவு பொருந்த வேண்டும். இவ்விரு திருத்தங்களையும் நாடாளுமன்றம் இனியும் தள்ளிப்போடக் கூடாது.