ராணி எந்தக் கட்சி?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தங்கச்சி குடும்பம் இருக்கிறது. அவள் மகன் கொழும்பில் ஒரு கடையில் நின்று சேர்த்த காசில் பழைய பிளேஸ்டேஷன் ஒன்றை வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு வந்திருந்தான். லயத்துக் காம்பராவில் டீவியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பையன்கள். வெளியே இஸ்தோப்பில் பெரியவர்கள் மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் ரதி வேஷம் யார் கட்டுவது என்பதுதான் பேச்சு. நான் இரண்டுக்கும் நடுவில், வாசற்படியில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே மோர்ட்டல் கொம்பாட் 11 ஓடியது. 2019இல் வந்த ஆட்டம். அடுத்த வருஷம் அதற்கு 'ஆஃப்டர்மாத்' என்று ஒரு பின்கதை சேர்த்தார்கள். அதைத்தான் மருமகன் ஆடிக்கொண்டிருந்தான். திடீரென்று கையிலிருந்த கன்ட்ரோலரைப் பாயில் போட்டான்.

"பாருங்க மாமா, அநியாயத்த. இந்த ராணி பழைய கதையில மானஸ்தி, உசுர விட்டவ. இதுல மொதல்ல இருந்தே கெட்டவளாம்!"

அவன் சொன்ன ராணி சிண்டெல். நீளமான கூந்தலால் சுழற்றி அடிப்பாள். அலறினால் எதிரே நிற்பவன் நிலைகுலைந்து போவான். 1995இல் மூன்றாம் ஆட்டத்தில் வந்தபோதே அவள் கதை துக்கக் கதைதான். நாட்டைப் பிடித்து, புருஷனைக் கொன்று, தன்னையும் மனைவியாக்கிக்கொண்ட ஷாவ் கானோடு வாழ மாட்டாமல் உயிரை விட்டவள். 2011இல் கதையைப் புதிதாக எழுதினபோது அந்தச் சாவுக்கு இன்னும் கனம் கொடுத்தார்கள். அவள் சாவே ஷாவ் கான் பூமிக்குள் நுழையாதபடி காவலாக நின்றது என்றார்கள். பிறகு அவளை உயிர்ப்பித்து, புத்தியைக் கட்டி, பூமியின் வீரர்கள்மீது ஏவிவிடுகிறார்கள். ஒரே காட்சியில் ஒருவர் பின் ஒருவராக விழுகிறார்கள். பெற்ற மகள் கிட்டானாவும் தப்பவில்லை. கொடூரமான காட்சிதான். ஆனால் பார்க்கிறவனுக்கு அவள்மேல் கோபம் வராது, வயிறுதான் கலங்கும். கை அவளுடையது, மனம் அவளுடையதில்லை என்பது நமக்குத் தெரியும்.

ஒன்பது வருஷம் கழித்து ஆஃப்டர்மாத் என்ன சொல்கிறது? அந்தக் கதையெல்லாம் பொய். அவள் மனமொத்தே ஷாவ் கானிடம் போனவள். பலமில்லாத புருஷனை அவளுக்கே பிடிக்கவில்லை. அவ்வளவுதான், ஒரு வாய் வசனத்தில் இருபத்தைந்து வருஷத்துத் துக்கம் அழிந்துபோனது. அதோடு விட்டார்களா? 2023இல் வந்த அடுத்த ஆட்டத்தில் காலமே புதிதாகத் தொடங்க, சிண்டெல் மறுபடியும் மரியாதையுள்ள மகாராணி.

மருமகனின் கோபம் எனக்கு விளங்கியது. இஸ்தோப்பில் இருந்த கிழவர்களுக்கும் விளங்கியிருக்கும், யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால். ரதி கட்டுகிறவன் ஒருநாள் திடீரென்று, 'மன்மதன் எரிந்ததே நல்லது' என்று பாடினால் தப்புக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிடுவார்.

சண்டை ஆட்டத்துக்குக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அத்தியாயத்துக்கு ஓர் ஆள், அந்த ஆளுக்கு நாலு சண்டை. இதுதான் கணக்கு. நாலு சண்டைக்கு நாலு எதிரி வேண்டும். எல்லா அத்தியாயத்திலும் கெட்டவனையே கொண்டுவர முடியாது. ஆகவே சிநேகிதனும் சிநேகிதனும் மோத வேண்டும். 'நீ யார் பக்கம்?' என்று ஒருவன் கேட்பான், மற்றவன் பதில் சொல்வதற்குள் உதை விழும். சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போவார்கள். ஒரு கேள்விக்கு நின்று பதில் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்! ஆளைப் பார்த்துச் சண்டை எழுதாமல், சண்டையை வைத்துக்கொண்டு ஆளை வளைக்கிறார்கள்.

வேண்டியவனும் வேண்டியவனும் மோதுவதை எப்படி எழுதுவது என்று பார்க்க வேண்டுமானால் நம் மலையகத்து அர்ச்சுனன் தபசைப் பார்க்க வேண்டும். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு என்று தோட்டங்களில் மூன்று கூத்தைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். மடுல்சீமையானாலும் நமுனுகுலயானாலும் ஊவா மலைகளில் வளர்ந்தவனுக்கு இந்த மூன்று பெயரும் மனப்பாடம்.

சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்டு அர்ச்சுனன் தவம் இருக்கிறான். பன்றி ஒன்று பாய்ந்து வருகிறது. இவன் அம்பும் படுகிறது, வேடனாக வந்த சிவன் அம்பும் படுகிறது. 'என் பன்றி' என்கிறான் இவன். 'என் பன்றி' என்கிறான் அவன். பக்தனும் சாமியும் கைகலக்க வேண்டும், ஆனால் பக்தனின் பக்தி குறையக் கூடாது. சாதாரண சிக்கலா இது? வேடனை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்பது பாதி விடை. மீதிப் பாதிதான் அழகு. அடையாளம் தெரியாத வேடனிடம் ஒரு செத்த பன்றியை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகலாமே? மாட்டான். விட்டுக்கொடுத்தால் அவன் அர்ச்சுனன் இல்லை. எந்த வீம்பு அவனைத் தவத்துக்கு உட்கார வைத்ததோ அதே வீம்புதான் சாமியோடு மல்லுக்கு நிற்க வைக்கிறது. வேடனுக்கும் அது தெரியும், அதைத்தான் சீண்டுகிறான். அடி விழ விழ அர்ச்சுனன் இன்னும் அதிகமாக அர்ச்சுனனாகிறான், கடைசியில் அதற்குத்தான் பாசுபதம் கிடைக்கிறது.

மோர்ட்டல் கொம்பாட்டிலும் இந்தத் தரத்தில் ஒரு சண்டை இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். 2011 கதையின் முடிவில் இடிக்கடவுள் ரெய்டனும் அவன் சீடன் லியூ காங்கும் மோதுவது. எதிர்காலத்திலிருந்து தனக்குத் தானே அனுப்பிய அரைகுறைச் சேதியை வைத்துக்கொண்டு ரெய்டன் தடுமாறித் தடுமாறி முடிவெடுக்கிறான். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு சிநேகிதன் பலியாகிறான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த லியூ காங் கடைசியில் குருவையே எதிர்க்கிறான். குருவின் மின்னலிலேயே கருகிச் சாகிறான். குரு கொல்ல நினைக்கவில்லை. அந்தச் சண்டைக்குக் கதை முழுவதும் காரணம் சேர்ந்துகொண்டு வந்திருக்கிறது. அதனால்தான் அந்த இடத்தில் யாருக்கும் கை தட்டத் தோன்றாது.

ரதிக்கு வருகிறேன். காமன் கூத்தில் சண்டைக் காட்சியைவிட எனக்குப் பிடித்தது ரதி தடுக்கிற இடம். சிவனின் தவத்தைக் கலைக்கச் சொல்லித் தூது வந்தாயிற்று. மன்மதன் கரும்பு வில்லை எடுத்தாயிற்று. கெட்ட கனவு கண்டேன், போகாதே என்கிறாள் ரதி. அவன் கேட்பதாயில்லை. நான் சின்ன வயதில் பார்த்த ஆட்டத்தில் ரதி கட்டியவர் மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர். காய்ப்புக் காய்ச்ச கை. அந்தக் கையால் மன்மதனின் தோளைத் தொடப் போவார், தொடாமல் எடுத்துக்கொள்வார். பாட்டில் தர்க்கம் ஏறிக்கொண்டே போகும், கால் அடவு மாத்திரம் பின்னுக்குப் பின்னுக்குப் போகும். தடுக்கிறவளுக்கே அவன் நிற்க மாட்டான் என்பது தெரியும் என்று அந்தக் கால் சொல்லிவிடும். பௌர்ணமியன்று அவன் எரிந்த பிறகு அழுகிற ரதியும் இதே ரதிதான். ஒரு சொல் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் கூத்திலும் ஆள் நெருக்கடி உண்டு. தோட்டத்தில் எல்லா இளந்தாரிக்கும் வேஷம் வேண்டும். குறவன், குறத்தி, எமன், வீரபத்திரன் என்று இடையிடையே ஆட்கள் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். கதை நிற்கும், சிரிப்பு வரும், மறுபடியும் தொடரும். அவர்களுக்கு இடம் கொடுப்பதற்காக ரதியை யாரும் வளைக்கவில்லை.

மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று நம் ஆட்கள் ஒரே கதையை இரண்டு விதமாகச் சொல்லவும் செய்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று எதிரெதிரே உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்கள். ஒரு கட்சி மற்றக் கட்சியின் பாட்டைக் கேட்டுத்தான் பதில் பாட வேண்டும். ஆஃப்டர்மாத் செய்தது அதுவல்ல. எதிர்க் கட்சியை மேடையிலிருந்து இறக்கிவிட்டுத் தனியாகப் பாடியது.

அதே ஆஃப்டர்மாத்தில்தான் ஷாங் சுங்கும் இருக்கிறான் என்பது வேடிக்கை. மந்திரவாதி, நம்ப முடியாதவன். வந்து நின்று முதல் வார்த்தை பேசும்போதே காலை வாரப் போகிறான் என்று தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது. 1995இல் வந்த மோர்ட்டல் கொம்பாட் படத்தில் அந்த வேடம் கட்டிய கேரி ஹிரோயுகி டகாவாவே முகமும் குரலும் கொடுத்திருக்கிறார். பணிந்து பேசுகிற குரலில் ஒரு வழவழப்பு. ராணியின் கதையைக் கெடுத்தவர்கள் இவனை மட்டும் ஓரிடத்திலும் வழுக்கவிடவில்லை.

மருமகன் கடைசியில் கன்ட்ரோலரைத் திரும்ப எடுத்தான். முடிவில் ஆட்டம் உங்களிடமே கேட்கும்: லியூ காங்கா, ஷாங் சுங்கா? அவன் லியூ காங்கை எடுத்தான். நீங்கள் ஆடினால் ஷாங் சுங்கை எடுங்கள். அந்தக் கதையில் குணம் மாறாமல் கெட்டவனாகவே இருந்தவன் அவன் ஒருவன்தான்.