வாட்டர் பம்பைப் பிரித்துப் பாருங்கள்!

பழைய டீசல் இயந்திரங்களில் கைவைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்பிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினைத் திறக்கவோ, டீசல் பம்பைத் தொடவோ அவசரப்படாதீர்கள். தண்ணீர் பம்பைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், யோசித்தால் புரியும். அதைச் சரிசெய்து திரும்ப மாட்டிய அன்று கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இந்தப் பொழுதுபோக்கில் வேறெதையும் நான் கண்டதில்லை.

நான் பிரித்தது ஒரு கேட்டர்பில்லர் டி2 புல்டோசரின் பம்ப். இல்லினாய் மாநிலத்தில் பியோரியாவுக்கு வெளியே குடியிருக்கிறேன். இந்த ஊருக்குத் தமிழ்க் குடும்பங்கள் பல வந்து சேர்ந்ததே கேட்டர்பில்லர் வேலைக்காகத்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈஸ்ட் பியோரியாவில் ஹோல்ட் நிறுவனம் 1909இல் ஒரு தொழிற்சாலையை வாங்கியது. 1925இல் ஹோல்ட்டும் பெஸ்ட் என்ற இன்னொரு டிராக்டர் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் ஆயின. அந்த நிறுவனம் விற்ற டீசல் செயின் டிராக்டர்களிலேயே ஆகச் சிறியது டி2. 1938இல் வந்தது, 1957 வரை உற்பத்தியானது. மூன்று டன்னுக்கு மேல் எடை இருந்தாலும் பெரிய டோசர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குட்டியாகத்தான் தெரியும். அந்தக் குட்டித்தனத்தில்தான் நான் மயங்கினேன்.

நான் கைவைத்த வண்டி 5யூ வரிசை. செயின் நடுவிலிருந்து செயின் நடுவுக்கு 50 அங்குலம் என்றால் 5யூ. 40 அங்குலம் என்றால் 4யூ. உள்ளே டி311 என்ற நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின், நாலு அங்குல போர், ஐந்து அங்குல ஸ்ட்ரோக். வண்டி பக்கத்துப் பண்ணைக்காரருடையது. இந்தப் பகுதியில் முள்கம்பி வருவதற்கு முன்னால் ஆசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை வேலியாக வளர்த்தார்கள். இரும்பு மாதிரி இறுகிய அந்த மரங்களைப் பிடுங்குவதற்காக அவர் அப்பா வாங்கிய வண்டி இது. முன்னால் இருக்கும் பிளேடு வேறொரு கம்பெனியின் தயாரிப்பு. தொடக்க காலத்தில் கேட்டர்பில்லர் பெரும்பாலும் டிராக்டரை விற்கும், பிளேடையும் மற்றக் கருவிகளையும் லெட்டோர்னோ, லாப்ளான்ட்-ஷோட் போன்றவர்கள் செய்து மாட்டுவார்கள். அந்த லெட்டோர்னோவும் 1930களில் பியோரியாவிலேயே தொழிற்சாலை வைத்தவர். மண்வேலை இயந்திரங்களின் சரித்திரத்தில் பாதியை இந்த ஊரில் நடந்தே பார்த்துவிடலாம்!

வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் சூட்டு முள் ஏறியது. பம்பின் அடியிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் சொட்டியது. அந்தச் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் இந்தப் பம்பின்மேல் எனக்குக் காதலே வந்தது.

பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை உண்டு. ஒரு பக்கம் தண்ணீர் நிற்கும் அறை, இன்னொரு பக்கம் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங். இரண்டுக்கும் நடுவே சீல். சீல் தேய்ந்து தண்ணீர் கசிந்தால் அது பேரிங்கை எட்டுவதற்கு முன்பே இந்தத் துளை வழியாகத் தரையில் சொட்டிவிடும். எழுபது வருடத்துக்கும் முன்னால் வரைபடப் பலகைமுன் உட்கார்ந்திருந்த ஒருவர், இந்தச் சீல் ஒருநாள் தேயும், தேயும்போது ஓட்டுபவனுக்குத் தெரிய வேண்டும் என்று யோசித்து வைத்த துளை அது. எந்த மின்னணு சென்சாரும் இல்லாமல் அது தன் சேதியைச் சொல்லிவிட்டது. இதை ஒழுக்கு என்று நினைத்துத் திருகு போட்டு அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அடைக்காதீர்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகும், சீலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகும்.

கழற்றுவதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. தண்ணீரை வடித்து, ஹோஸ்களை விலக்கி, போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் போதும். பொறுமை வேண்டியது தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரை ஷாஃப்ட்டிலிருந்து எடுப்பதற்குத்தான். இம்பெல்லர் வார்ப்பிரும்பு. சுத்தியலால் தட்டினால் இறக்கை உடையும். புல்லர் போட்டு, சுற்றிலும் ஒரே சீராகச் சூடு காட்டி, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி இழுக்க வேண்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு அது அசையும். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

வெளியே வந்த ஷாஃப்ட்டைத் துடைத்து நகத்தால் தடவினேன். சீல் உட்கார்ந்து சுழன்ற இடத்தில் வளையமாகப் பள்ளம். எத்தனை பண்ணை, எத்தனை மரம், எத்தனை வெயில் அந்தப் பள்ளத்தில்! பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டில் புதுச் சீலைப் போட்டால் சீக்கிரமே அதையும் தின்றுவிடும். ஊரில் லேத் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற கடைசல்காரர் ஒருவரிடம் கொண்டுபோனோம். தேய்ந்த இடத்தைக் கடைந்து, துருப்பிடிக்காத எஃகில் ஒரு ஸ்லீவ் செய்து, இறுக்கமாக ஏற்றி, பழைய அளவுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அவர் மைக்ரோமீட்டரில் தேடிப் பிடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சங்கீதக் கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இனி சீல். என்னை அசர வைத்தது இதுதான். சுழலும் முகம் ஒன்று, நிற்கும் முகம் ஒன்று. ஒன்று கார்பன், மற்றது அதைவிடக் கடினமானது. ஒரு ஸ்பிரிங் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு முகங்களுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. எந்தத் தண்ணீரை வெளியே விடக்கூடாது என்று சீல் போடுகிறோமோ, அந்தத் தண்ணீரேதான் அந்தச் சீலுக்கு மசகு, அதற்குக் குளிர்ச்சியும் அதுவே. அதனால்தான் பம்பைத் தண்ணீர் இல்லாமல் சில விநாடிகூடச் சுழற்றக்கூடாது என்கிறார்கள். முகங்களில் விரல் படக்கூடாது, விரல் எண்ணெய் ஒட்டினாலே கசிவுக்கு வழி. சுத்தமான துணியில் பிடித்து, சீலின் வெளிவிளிம்பில் மட்டும் அழுத்தும் குழாய்த் துண்டை வைத்து, பிரஸ்ஸில் மெதுவாக இறக்கினோம். நேராகப் போய் உட்கார்ந்தது.

அடுத்தது இடைவெளி. இம்பெல்லருக்கும் அதன் எதிரில் இருக்கும் சுவருக்கும் நடுவே மிகக் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். அதிகமானால் தண்ணீர் இறக்கைகளைத் தாண்டி வழுக்கித் திரும்பிவிடும், பம்ப் சுற்றும், தண்ணீர் போகாது. குறைந்தால் இறக்கை சுவரில் உரசும். இந்த இடைவெளியில் கேஸ்கட்டின் கனமும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையில் கிடைத்த தடித்த அட்டையை வெட்டிக் கேஸ்கட் போட்டால் அங்கேயே கணக்கு தப்பும். பழைய கேஸ்கட்டின் கனத்தை அளந்து அதே கனத்தில் போடுங்கள். மாட்டுவதற்கு முன் வாய்களை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி பழைய செய்தித்தாள்மேல் நிறுத்தி வைத்தோம். காலையில் தாள் உலர்ந்திருந்தது. பண்ணைக்காரர் அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்!

ஒரு பம்புக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? எரிகிற டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடும் தண்ணீரோடும் வெளியேற வேண்டும். தண்ணீரின் பங்கு முழுவதையும் சுமப்பது கையில் தூக்கக்கூடிய இந்த ஒரு பம்ப். டி2இல் இன்னொரு அழகும் உண்டு. பெரிய இன்ஜினைக் கிளப்புவதற்கென்றே ஒரு சின்ன இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், இங்கே ‘போனி’ என்பார்கள். இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றே. போனி ஓடும்போது அதன் சூடு அந்தத் தண்ணீர் வழியாகவே பெரிய இன்ஜினை இளஞ்சூடாக்கும். அதன் புகைகூட வீணாவதில்லை, டீசல் இன்ஜின் இழுக்கும் காற்றைச் சூடாக்கிவிட்டுத்தான் வெளியே போகும். பனிக்காலத்தில் மைனஸ் 20 டிகிரியைத் தொடும் ஊருக்கு இதைவிடப் புத்திசாலியான அமைப்பு இருக்க முடியுமா?

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், வார்ப்பிரும்பு அதைத் தாங்காது. அந்தக் காலத்தில் குளிர்நாட்களில் மாலையானால் தண்ணீரை வடித்துவிடுவார்கள். நாங்கள் எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றினோம். மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. இந்தப் பகுதிக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதை ஊற்றினால் உள்ளே காரை படியும்.

போனியைக் கிளப்பி, கம்ப்ரஷனை விடுவித்து, கிளட்சைச் சேர்த்து, பெரிய இன்ஜினைச் சுற்றவிட்டோம். ஆயில் பிரஷர் ஏறியது. கம்ப்ரஷன் லீவரைப் போட்டு டீசலைத் திறந்ததும் ஒரு கரும்புகை, ஒரு உறுமல், பிறகு அந்த நிதானமான நாலு சிலிண்டர் தாளம்! ரேடியேட்டருக்குள் பார்த்தால் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. பிற்பகல் முழுக்க மரவேர்களைத் தள்ளினோம். சூட்டு முள் அதன் இடத்தைவிட்டு நகரவில்லை. துளைக்கு அடியில் வைத்த தகரத்தில் ஒரு சொட்டு இல்லை.

உங்கள் வண்டி டோசராக இருக்க வேண்டும் என்பதில்லை. கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டரோ, கிணற்றுமேட்டு டீசல் இன்ஜினோ, வாட்டர் பம்ப் இருந்தால் போதும். புதிய பம்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் பழையதைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள்.