பதிவேட்டில் இல்லாத குறட்டை

கொலோனோஸ்கோபிக்கு லேசான மயக்கம் போதுமா, மயக்கவியல் நிபுணர் கூடவே இருந்து புரோபஃபால் தரணுமா? நோயாளியின் மின்னணு மருத்துவப் பதிவை வைத்து மென்பொருளே சொல்லிவிடலாம் என்கிறார்கள். முதலில் எனக்கும் நல்ல யோசனையாத்தான் பட்டது. ஸ்டாப்-பாங் பட்டியலைப் பார்த்ததும் தயக்கம் வந்தது.

தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருக்குமா என்று கணிக்க, டொரன்டோவில் ஃபிரான்செஸ் சுங் குழுவினர் உருவாக்கிய 8 கேள்விகள் அவை. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மயக்க மருந்தால் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை எளிதில் அடைத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம், பிஎம்ஐ, வயது, பாலினம் நாலும் பதிவில் கிடைக்கும். குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, கழுத்துச் சுற்றளவு இந்த நாலும் பெரும்பாலும் இருக்காது. கேட்டால்தான், அளந்தால்தான் தெரியும்.

கோளாறு உள்ள பலருக்கே அது இருப்பது தெரியாது. ஆக, பதிவில் அந்த இடம் காலியா இருந்தா 'இல்லை' என்று அர்த்தமில்லை. யாரும் கேட்கலை, அவ்வளவுதான். டேட்டாபேஸில் 'நல்' என்று இருப்பதை 'ஃபால்ஸ்' என்று எடுத்துக்கொள்ளும் நம்ம பழைய தப்புதான் இது. ஆனா இங்கே பணயம் ஒருத்தரோட மூச்சு.

மென்பொருள் முடிவு சொல்ல வேண்டாம். காலிக் கட்டங்களை நர்ஸிடம் காட்டி, "இதைக் கேளுங்க" என்றாலே பெரிய உதவி.