காட்சியும் கேள்வியும்

தமிழ் மாணவர் எழுதும் கட்டுரைகளுள் மிகப் பழகிப்போனது சுற்றுலாக் கட்டுரை. விடியற்காலையில் வேன் வந்து நிற்கும். நண்பர் எழுவரோ எண்மரோ ஏறி அமர்வர். வழியில் பசியாறுவர். மலைமேல் குளிர்காற்று வீசும். ஏரி கண்ணாடிபோல் கிடக்கும். பசுமை கண்ணுக்கு விருந்தளிக்கும். படம் எடுத்துக்கொண்டு, களைப்போடும் மகிழ்ச்சியோடும் இரவில் வீடு திரும்புவர். இடத்தின் பெயரை மட்டும் மாற்றினால், இதே கட்டுரை பத்து இடங்களுக்குப் பொருந்தும். இதழ்களிலும் விழா மலர்களிலும் இடம்பெறும் பயணக் கட்டுரைகளுள் பலவும் இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டவை.

இக்குறைக்கு மொழித்திறன் இன்மையைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. நல்ல தமிழ் எழுதும் மாணவரும் இதில் வழுக்கி விழுகின்றனர். எதைக் காண்பது, யாரிடம் கேட்பது என்னும் தொடக்க நிலையிலேயே குறை நேர்ந்துவிடுகிறது. பயணத்தைக் காட்சி என்று மட்டுமே கொள்ளும் எழுத்து, அக்காட்சிக்குப் பின்னால் நிற்கும் மக்களின் சொல்லைக் கேட்கத் தவறுகிறது. தமிழின் பழைய இலக்கியமோ இவ்விரண்டையும் பிரிக்காமல் கையாண்டது.

மலைவளம் காணச் சென்ற வேந்தன்

மலையழகைக் கண்டு வரவேண்டும் என்னும் ஒரே நோக்கத்தோடு புறப்பட்ட பயணம் ஒன்று சிலப்பதிகாரத்தில் உண்டு. வஞ்சிக் காண்டத்துக் காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன், தன் தேவி வேண்மாளோடும் சுற்றத்தோடும் மலைவளம் காணச் செல்கிறான். பேரியாற்றங்கரை மணற்பரப்பில் தங்குகிறான். இன்றைய வழக்கில் சொன்னால் அதுவும் ஓர் இன்பச் சுற்றுலாவே. அங்கே குன்றக் குறவர் மலைபடு பொருள்களைச் சுமந்துகொண்டு அரசனைக் காண வருகின்றனர். அப்பொருள்களை இளங்கோவடிகள் விருப்பத்தோடு நெடிதாக அடுக்கிச் செல்கிறார். காட்சியின்பத்தை அவர் சிறிதும் குறைக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆனால் குறவர் கையுறையோடு நின்றுவிடவில்லை. தாம் கண்டதையும் கூறினர். வேங்கை மரநிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணொருத்தி, தன் கணவனோடு விண் சென்றதை அவர்கள் சொல்ல, உடனிருந்த சாத்தனார் அவள் முன்வரலாற்றை விளக்கினார். அரசி வேண்டினாள், அரசன் இசைந்தான், இமயத்துக் கல் எடுத்துக் கண்ணகிக்குக் கோயில் எழுந்தது. காப்பியத்தின் கடைசிப் பகுதி முழுவதும் ஒரு மலைச் சுற்றுலாவில் கேட்ட சொல்லிலிருந்து கிளைத்தது எனலாம். செங்குட்டுவன் அருவியையும் முகிலையும் மட்டும் கண்டு வஞ்சிக்குத் திரும்பியிருந்தால், அப்பயணம் நினைக்கப்பட்டிராது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் மற்றொரு வகையில் வழிகாட்டுகிறது. நன்னனைக் கண்டு பரிசில் பெற விரும்பும் கூத்தர் குழுவுக்கு வழி சொல்லும் பாட்டு அது. பெருங்கௌசிகனார் மலையின் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பிக்கிறார். பன்றிக்காக அமைத்த பொறிகள் எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, கால் வழுக்கும் பாசிப் பாறை எது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, எந்த ஊரில் யார் என்ன உணவு தருவர் என்றெல்லாம் எடுத்துரைக்கிறார். வழி பிரியும் இடங்களில், பின்னால் வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்று அவர் கூறும் ஓர் அறிவுரை, பயண இலக்கியம் முழுமைக்கும் இலக்கணமாகக் கொள்ளத்தக்கது. கண்டவன் தன் மகிழ்ச்சிக்காக மட்டும் சொல்லுவதில்லை. அடுத்து வருபவன் வழி தவறாதிருக்கவும் சொல்லுகிறான்.

ஆற்றை எதிர்த்து ஒரு நாள்

இவ்வளவையும் மனத்திற்கொண்டு வட சிலாங்கூர்ப் பயணம் ஒன்றை நோக்கலாம். கோலசிலாங்கூர் வட்டாரத்திலிருந்து ஒரு சிறு குழு காலையில் புறப்பட்டால், சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து அதன் தலைமடையாகிய மலைகள் வரை ஒரே நாளில் சென்று திரும்பலாம். கடலோரக் குன்று, தோட்டங்கள், ஈயக்குட்டைகள், அணைக்கட்டு ஏரி, பிரேசர் மலை எனக் காட்சிகள் படிப்படியாக உயரும்.

முதலில் புக்கிட் மெலாவத்தி. சிறு குன்றுதான், எனினும் மேலிருந்து ஆற்றுமுகமும் அலையாத்திக் காடும் மலாக்கா நீரிணையும் ஒருங்கே தெரியும். 1784இல் டச்சுக்காரர் இக்கோட்டையைக் கைப்பற்றி, தம் தலைமை ஆளுநர் ஆல்டிங் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என வழங்கினர். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டார். கலங்கரை விளக்கம் பின்னாளில் ஆங்கிலேயர் எழுப்பியது. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகளும் இங்கே உள்ளன. மாணவர் கட்டுரைகளில் இக்குன்றைப் பற்றி வருபவை பெரும்பாலும் குரங்குகளே! வெள்ளிநிறக் குரங்குகள் சுவையான செய்திதான். ஆயினும் ஆற்று வாயைக் காத்தவனே உள்நாட்டு வாணிகத்தைக் காத்தான் என்பதை அறியாதவன், மேலே நின்று கடலைக் காண்கிறானேயன்றி அக்கோட்டை அங்கே ஏன் நின்றது என்பதைக் காண்பதில்லை.

அடுத்து வருவது தோட்டப் பகுதி. புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகியவற்றைச் சூழ்ந்த நிலம் இது. வேன் இங்கே விரைந்து செல்லும்; கட்டுரையும் விரைந்து செல்லும். சாலையின் இருமருங்கும் செம்பனை பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருந்தது என்னும் ஒரு வரியோடு பல கல் தொலைவு கழிந்துவிடும். உண்மையில் இப்பயணத்தின் நெஞ்சுப் பகுதி இதுவே. பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல், மலாயாவில் முதன்முறையாகச் செம்பனை வாணிக அளவில் பயிரிடப்பட்டது. தோட்டத்தின் பெயரோ தூய தமிழ்! உலகச் சந்தையில் மலேசியாவுக்குப் பெயர் தேடித்தந்த ஒரு பயிரின் தொடக்கம், தமிழ்ப் பெயர் தாங்கிய மண்ணில் நிகழ்ந்திருக்கிறது. கம்பளம் என்னும் உவமை அதனை மூடி மறைக்கிறது. கம்பளத்தை நெய்த கை எது என்று அவ்வுவமை கேட்பதில்லை.

அச்செம்பனையை நடுவித்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி பொக்கொன்னியே ஓர் எழுத்தாளருமாவார். ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னும் இடத்தில் தோட்டம் அமைத்து வாழ்ந்த அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவல், 1930இல் பிரான்சின் பெயர்பெற்ற கோன்கூர் பரிசைப் பெற்றது. தமிழ்த் தொழிலாளரும் அந்நூலில் வருகின்றனர். நிலத்தின்பாலும் மக்கள்பாலும் அவருக்கு ஈர்ப்பு இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் அது தோட்டத் துரையின் பார்வை. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்றவர், இருளில் பால் வெட்டச் சென்றவர், லயத்து வாசலில் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடியவர் ஆகியோர் அதே மண்ணை எவ்வாறு கண்டனர் என்பதை அவரிடம் எதிர்பார்ப்பது முறையன்று. அவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதவேண்டிய பகுதி அது. அவர்களும் வேன் சன்னலிலிருந்து கம்பளத்தை மட்டும் கண்டால், அப்பகுதி எவராலும் எழுதப்படாமலே போகும்.

இதனைத் தள்ளிப்போடவும் இயலாது. பால்மரம் செம்பனையாக மாறியது. செம்பனை நின்ற நிலத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்கள் பல இடிக்கப்பட்டன. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் முதலிய தோட்டப் பெயர்களைச் சொன்ன அளவில் ஒரு கோயிலையும் ஒரு பள்ளியையும் ஓர் ஆலமரத்தையும் நினைவுகூரும் முதியோர் இன்னும் உள்ளனர். அவர்கள் சொல்லக்கூடியது எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லை.

பத்தாங் பெர்ஜுந்தையின் ஏரிகளும் இத்தகையனவே. வானத்தை ஏந்தி நீலமாய்க் கிடக்கும் அந்நீர்நிலைகள் பல, ஈயம் எடுத்தபின் கைவிடப்பட்ட குழிகள். அழகு அழகுதான், ஆயினும் இயற்கை அன்னையின் கைவண்ணம் என்று அவற்றைப் புகழ்வது பிழை. உழைப்பும் பேராசையும் கூடித் தோண்டிய பள்ளத்தில் மழை வந்து நிறைந்தது என்று எழுதுபவன், அழகோடு உண்மையையும் தருகிறான்.

அணையும் மலையும்

ஆற்றை எதிர்த்து மேலே சென்றால் கோலகுபு பாரு. பெயரிலுள்ள பாரு என்னும் சொல்லே, புதியது என்னும் பொருளால், ஒரு வரலாற்றை உணர்த்துகிறது. 1883இல் பழைய அணை உடைந்து பெருவெள்ளம் ஊரை அழித்தது. மாவட்ட அதிகாரியும் அதில் மாண்டார். பின்னரும் வெள்ளம் ஓயாமையால், ஊர் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. அதற்கு அப்பால், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கட்டப்பட்ட சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டு. மலைகள் சூழ, வளைந்து வளைந்து கிடக்கும் அந்த ஏரியைப் பார்வை மேடையிலிருந்து காண்போர் மெய்ம்மறப்பர். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீர்த் தேவைக்காக எழுந்த அணை அது. அதற்காகக் கெராச்சி, பெர்த்தாக் என்னும் ஊர்களில் வாழ்ந்த தெமுவான் பழங்குடியினர் இடம்பெயர்க்கப்பட்டனர். செங்குட்டுவன் முன் வந்து நின்ற குன்றக் குறவரை வகுப்பறையில் வியந்து படிக்கும் மாணவன், தன் சுற்றுலா வழியில் வாழும் குன்ற மக்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் வருவானாயின், இலக்கியக் கல்வி தேர்வுத்தாளோடு நின்றுவிட்டது என்றே பொருள்.

இறுதியில் பிரேசர் மலை. சிலாங்கூர் எல்லையை ஒட்டிப் பகாங்கில் அமைந்த இம்மலை, ஈய வணிகத்தில் ஈடுபட்ட லூயிஸ் ஜேம்ஸ் பிரேசரின் பெயரைத் தாங்கியது. 1920களில் ஆங்கிலேயர் வெயிலுக்கு ஒதுங்கும் ஓய்விடமாக வளர்ந்தது. மலைக்குச் செல்லும் வளைவுச் சாலையில்தான் 1951 அக்டோபர் 6 அன்று, பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். இம்மலையைக் குட்டி இங்கிலாந்து என்றும், குளிர்மலை எதனையும் சுவிட்சர்லாந்து என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆல்ப்ஸ் மலை ஏரிகளைக் காணாதவரும் காணாதவருக்கு அவற்றையே உவமையாக்குகின்றனர். அறியாத பொருளை அறிந்த பொருளால் விளக்குவதே உவமை. இங்கோ அறிந்த மலை அறியாத மலையால் மறைக்கப்படுகிறது. தோட்டத் தமிழருக்கு மலை என்றாலே நெஞ்சில் எழுவது பத்துமலை. தைப்பூசத்துக்கு லாரியேறிச் சென்றதும் 272 படிகள் ஏறியதும் அவர்தம் மலைப் பயணங்கள். அந்த நினைவோடு பிரேசர் மலையின் பனிமூட்டத்தைக் காண்பவனிடம், எவரிடமும் கடன் வாங்காத உவமை பிறக்கும்.

இருவகை ஐயங்கள்

இன்பச் சுற்றுலாவில் ஏன் இத்துணைத் துயரம் என்று சிலர் வினவலாம். காட்சிக் காதையே அதற்கு விடை. மலைவளத்தின் மகிழ்ச்சியும் கண்ணகியின் துயரமும் அங்கே ஒரே மணற்பரப்பில் கலந்து நிற்கின்றன. ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை. மலைபடுகடாமும் அருவியழகைப் பாடிக்கொண்டே இடர்களையும் எண்ணிக்காட்டுகிறது.

செய்திகள் வேண்டுமெனின் பலகையிலுள்ள ஆண்டுகளைப் படியெடுத்துக் கட்டுரையை நிரப்பலாமே எனக் கருதுவோரும் உளர். அதுவும் பயன் தராது. 1784, 1883, 1951 என எண்களை அடுக்குவது காட்சிக்குப் பதிலாகப் பட்டியலைத் தருவதே. கேள்வி என்பது மனிதர்வழி வருவது. சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி காவேரி’ நிலைத்து நிற்பதற்கு, அவர்கள் ஆற்றின் நீளத்தை அளந்ததா காரணம்? கரையில் வாழ்வோரிடம் நின்று பேசியதும், பேச்சின் சுவையை எழுத்தில் காத்ததும் அன்றோ! காவிரிக்குக் கிடைத்த அப்பேறு சிலாங்கூர் ஆற்றுக்கும் கிடைத்தல் வேண்டும்.

ஆசிரியர் இதற்குப் பெருமுயற்சி மேற்கொள்ள வேண்டுவதில்லை. பயணக் கட்டுரை எழுதப் பணிக்கும்போது இரண்டு கட்டளைகள் போதும். வழியில் வாழும் ஒருவரிடமேனும் பேசி, அவர் சொன்னதை அவர் வாய்மொழி கெடாமல் எழுதுதல் ஒன்று. அடுத்த ஆண்டு அவ்வழியே வரும் மாணவனுக்குப் பயன்படும் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லுதல் மற்றொன்று: இடிந்த லயம் நின்ற இடம், பெயர் மாறிய ஊரின் பழைய பெயர், குட்டையாகிய சுரங்கம் எனப் பலவும் அதற்கு உதவும். கூத்தர் குழு வழிபிரியும் இடத்தில் புல் முடிந்தது இதற்காகவே. வட சிலாங்கூரில் வழிகள் பல பிரிந்துவிட்டன. முடிந்துவைக்க வேண்டிய புல்லோ இன்னும் முதியோர் நாவில் பசுமையாகவே இருக்கிறது.